மூன்றாவது நாற்காலியின் சீட்டு

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், பழைய சீட்டாட்ட கிளப்பின் மாடிப்படியை எழுத்தாளர் மூச்சு வாங்க ஏறினார். புதியவர்களுக்கு போக்கர் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "உங்க எழுத்துல உசுரே இல்ல. இதுவும் சப்புனு இருந்தா இதோட விட்டுடலாம்" என்று பத்திரிகை ஆசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எழுதி எழுதி அலுத்துப்போன கைதான். ஆனால் வேறு பிழைப்பு தெரியாது.

உள்ளே ஈரக் கம்பளமும் பழைய சுருட்டுப் புகையும் நாறின. சீட்டுப் போடும் அம்மா மட்டும் இருந்தாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு பச்சைத் துணி மேல் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்தாள். காலியாக இருந்த மூன்றாவது நாற்காலிக்கும் இரண்டு.

"கைல ரெண்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. அந்த ஏழுல நல்ல அஞ்சைச் சேர்க்கணும். மத்ததெல்லாம் மூஞ்சிதான் சார், அதுல ஒண்ணும் தெரியக்கூடாது."

"அது யாருக்கு?"

"கல்லுளிமங்கனுக்கு. அப்படித்தான் கூப்பிடுவோம். கடைசி ஆட்டத்துல மொத்தத்தையும் வெச்சுட்டு, கண்ணைக்கூட இமைக்காம உட்கார்ந்திருந்தாரு. பயந்துபோய் எல்லாரும் சீட்டைக் கீழ போட்டுட்டாங்க. ஜெயிச்சவராச்சேன்னு தோள்ல தட்டினேன்..."

அவள் குரல் தாழ்ந்தது.

"சில்லுனு இருந்துச்சு."

எழுத்தாளருக்கு முதுகு சிலிர்த்தது. கூடவே, வெட்கமில்லாமல், சந்தோஷமாகவும் இருந்தது.

"கைல என்ன இருந்துச்சு?"

"யாரும் பாக்கல. இப்பவும் அவருக்குப் போடற சீட்டை யாரும் புரட்டறதில்ல. பாக்கணும்னா அவர் வெச்சதுக்குச் சமமா நாமளும் வெக்கணும். அதான் ஆட்டத்தோட முறை."

சாரல் அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

எழுத்தாளர் எட்டி அந்தச் சீட்டுகளைப் புரட்டினார்.

ஒரு இரண்டு. ஒரு ஏழு. எதற்கும் உதவாத கை.

அந்த மூன்றாவது நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்ததுபோல.

திரும்பி வந்தவள் புரண்டு கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள். திட்டவில்லை. பெருமூச்சு விட்டபடி மூலையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து மேஜையருகே போட்டாள்.

"போய் எழுதுங்க சார்."

வீட்டுக்குப் போனவர் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினார். விளக்கு வைக்கும் நேரத்தில் போனைப் பொத்தியபடி மனைவி உள்ளே ஓடி வந்தாள். "ஏங்க, உசுரோட இருக்காம் கட்டுரை! ஆசிரியரே சொல்றாரு. கொஞ்சம் சிரிங்களேன்."

அவர் மேஜையை விட்டு எழவில்லை. கண் இமைக்கவில்லை.

"என்ன அழுத்தம் இந்த மனுஷனுக்கு" என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டினாள்.

சில்லென்று இருந்தது.

அவர் விரல்களுக்கடியில் இரண்டு சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் மட்டும் இன்னும் சூடு இருந்தது.