அட்டையில் நான்கு விரல்

தலையணையில் டீசல் வாடை அடித்தது.

ஞாயிறு மதியத் தூக்கம் கலைந்து எழுந்த ஃபிரான்ஸ் வீப் முதலில் தன் கையைத்தான் முகர்ந்து பார்த்தான். சோப்பு மணம். பிறகு மனைவி நேத்தாவின் தலையணையில் மூக்கை வைத்தான். அங்கேதான்.

அவள் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். வெளியே அவள் அக்கா டீனாவின் கார் ஹாரன் அடித்தது. ஞாயிறு மாலை ஃபாஸ்பாவுக்கு, அதாவது காப்பிக்கும் பன்னுக்கும் பாலாடைக்கட்டிக்கும், யாராவது ஒருவர் வீட்டில் ஊரே கூடும். இன்று டீனாவின் முறை.

"நீ வரலையா?"

"வயிறு சரியில்ல."

"வயிறா, கொட்டகையா? ஞாயித்துக்கிழமை, ஓய்வுநாள்ல, ஸ்பேனரைத் தொட்டேன்னு தெரிஞ்சா டீனா ஈஸ்டர் வரைக்கும் அதையே பேசுவா."

"அந்த வண்டி தொலைஞ்சா நானும் ஒழுங்கா உக்காந்து பன் தின்னுவேன்."

"ஒழுகறதை நிறுத்து, வித்துடலாம்னு நான்தானே சொன்னேன்? நீ அதுக்கு அடியிலயே குடித்தனம் நடத்தற. கோர்னியா இருந்தா குழாய்கிட்ட ஒரு அட்டையைப் பிடிச்சே ஒழுகறது எங்கேன்னு சொல்லியிருப்பான்."

"நாலு விரல்காரனுக்கு அட்டை வேணும். எனக்கு அஞ்சும் இருக்கு."

நேத்தா சிரிக்கவில்லை. "அந்த எஞ்சின்தான் அவன் ஆள்காட்டி விரலைத் தின்னுச்சு. ஓடறப்ப கையை வச்சிடாத ஃபிரான்ஸ். பீச்சற டீசல் ஊசி மாதிரி உள்ள போயிடும். குத்தினதே தெரியாது. அப்புறம் விரல் செத்துப்போகும்."

கோர்னி டூக் அவளுடைய முதல் கணவன். செத்து நான்கு வருடம். கொட்டகையில் நிற்கும் டீசல் வண்டி அவனுடையது. அவன் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஒரு மாதிரி இளகும். ஃபிரான்ஸுக்கு அதுதான் ஆகாது. உயிரோடிருப்பவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். இவன் கொட்டகையில் நான்கு சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தான், அவளும் தினம் போய் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தாள். வண்டி போனால்தான் இவன் போவான். ஒழுகல் நின்றால்தான் வண்டி போகும்.

டீனாவின் கார் பனியை நொறுக்கிக்கொண்டு போன சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்துவிட்டு ஃபிரான்ஸ் கொட்டகைக்குப் போனான். மனிடோபாவின் சனவரிப் பொழுது அதற்குள் நீலம் பாய்ந்து இருட்டிக்கொண்டிருந்தது. காற்று தகரக் கூரையை நகத்தால் சுரண்டுவதுபோல் சுரண்டியது. எஞ்சின் உறையாமலிருக்கச் செருகிய சூடேற்றியின் கம்பி சுவரோரம் மெல்ல முனகியது. கோர்னியின் பழைய கையுறைகள், வலது கையில் ஒரு விரல் வெட்டித் தைக்கப்பட்டு, ஆணியில் தொங்கின. அவற்றை எடுத்து எறியவும் நேத்தா விட்டதில்லை.

அவன் செய்யாத வேலை இல்லை. மிச்ச டீசல் தொட்டிக்குத் திரும்பும் துணியுறைக் குழாய்களை மாற்றியாயிற்று. வாஷர்கள் புதிது. எல்லாவற்றையும் துடைத்துப் பவுடர் தூவிப் பார்த்தாயிற்று. எங்கும் ஈரமில்லை. ஆனால் எஞ்சினுக்கு அடியில் விரித்த அட்டையில் மட்டும் கறை. ஓட்டாமல் நிற்கும் வண்டி. முதலில் ஒரு பொட்டு. பிறகு உள்ளங்கை அகலம். அந்த அட்டையைக் கொட்டகை மூலை விறகடுப்பில் போட்டுவிட்டு வேறு விரித்தான். கறை விட்ட இடத்திலிருந்தே வளர்ந்தது.

குனிந்து பார்த்தான். கறைக்கு இன்று கட்டைவிரல் இருந்தது. பக்கத்தில் ஓர் இடைவெளி. அப்புறம் மூன்று விரல்கள்.

எண்ணெய் எப்படி வேண்டுமானாலும் பரவும் என்று சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான்.

இனி ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். புகை போகக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, உள்ளே எஞ்சின் சூடேறுவதைக் காட்டும் செம்மஞ்சள் விளக்கு அணையும்வரை சாவியைப் பிடித்திருந்து, திருப்பினான். எஞ்சின் இருமி, உதறி, கடகடவென்று பிடித்துக்கொண்டது. பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் மெல்லிய எஃகுக் குழாய்கள் அதிர்ந்தன. அங்கேதான் எங்கோ மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாத பீச்சல்.

மேசைமேல் கோர்னியின் அட்டைத்துண்டு கிடந்தது. முழுக்க ஊசித் துளைகள். ஃபிரான்ஸ் அதைக் கையில் எடுத்தான். நேத்தாவின் இளகிய குரல் காதில் கேட்டது. அதை மடித்து அடுப்புக்குள் எறிந்தான்.

வெறுங்கையைக் குழாயோரம் நகர்த்தினான்.

முதல் குழாய். ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை.

மூன்றாவதன் நட்டு அருகே விரல் நுனியில் ஏதோ தட்டியது. பனித்துகள் பட்டதுபோல. அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டான். எஞ்சினை நிறுத்தினான். உடைசல் கடையில் வாங்கி வைத்திருந்த குழாயை மாட்டினான். மேல் நட்டைத் தளர்த்தி, காற்றுக்குமிழி போய் வெறும் டீசல் வரும்வரை எஞ்சினைச் சுற்றவிட்டு, இறுக்கினான். மறுபடி ஓடவிட்டான். காய்ந்த குழாய். காய்ந்த நட்டு. ஒரு சொட்டு இல்லை.

"போடா," என்றான் கையுறைகளைப் பார்த்து. "கிளம்பு."

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கை கழுவினான். நீர் ஜில்லென்று இருந்தது. ஒரு விரலில் மட்டும் இல்லை.

வலது ஆள்காட்டி விரல். மெழுகு நிறம். நுனியில் ஒரு புள்ளி. கிள்ளினான். கடித்தான். வேறு யாருடைய விரலோபோல் இருந்தது. அதிலிருந்து டீசல் வாடை. தோலின் மேலிருந்து அல்ல. உள்ளேயிருந்து.

குனிய வேண்டாம் என்று நினைத்தான். குனிந்தான்.

அட்டையில் இடைவெளி இல்லை. ஐந்து விரல்கள். ஆள்காட்டி மட்டும் புதிது. ஈரமாக மின்னியது.

வாசலில் பனி நொறுங்கியது. கதவு திறந்தது. நேத்தா. அவசரமாக வந்தவள்போல் மூச்சு வாங்க, பாதி தின்ற பன் கையில். காற்றை முகர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது. அவனுக்கு ஒருநாளும் மலராத மலர்ச்சி.

"நேத்தா. டாக்டர். என் விரல்..."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். சர்ச்சுக்குப் போட்ட நல்ல பாவாடையோடு எண்ணெய்த் தரையில் மண்டியிட்டாள். வண்டிக்கு அடியில் கையை நீட்டினாள். விரலுக்கு விரல் பார்த்து, கறையின்மேல் தன் உள்ளங்கையைப் பதித்தாள்.

அட்டையிலிருந்து ஐந்து கருவிரல்கள் நிதானமாக எழுந்து அவள் விரல்களுக்கிடையே கோத்துக்கொண்டன.