சுளிப்புமானி

அடுக்ககத்தின் வாசற்பலகைத் தொடுதிரையில் 'தொட்டி மீட்பு' என்ற வரியை எட்டுப் பேர் முண்டியடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே, மூடி திறந்த மலத்தொட்டிக்குள் மாசிலாமணி மயங்கிக் கிடந்தான். அடைப்பெடுக்கும் எந்திரம் பழுது. அதைச் சரிசெய்வதைவிட ஆளை இறக்குவது சுலபம்.

நகரத்தில் இப்போது யாரையும் கூப்பிட எண் கிடையாது. பால், மருந்து, பிணவண்டி எல்லாமே வாசற்பலகை வழியாகத்தான். அதில் வகைகளை அடுக்குவது சுளிப்புமானி. எந்த வரியைப் பார்த்து ஆட்களின் முகம் சுளிக்கிறதோ அந்த வரி ஓர் அடுக்கு கீழே இறங்கும். முகம் மலர்ந்தால் மேலே ஏறும். பிரியாணிக்குப் பக்கத்தில் சாக்கடை தெரிகிறதே என்று குடியிருப்பவர்கள் குமட்டியதால், பன்னிரண்டாம் மாடி நித்திலா சுளிப்புமானியை வடிவமைத்தாள். விருதும் வாங்கினாள்.

"வீடு, பராமரிப்பு, மற்றவை, மற்றவற்றில் மற்றவை..." நித்திலா தொட்டுக்கொண்டே போனாள். "தோ, வந்துடுச்சு!"

தொட்டியிலிருந்து நாற்றம் எழுந்தது. எல்லா மூக்குகளும் சுருங்கின. வரி வழுக்கிக் கீழே போய்விட்டது.

மாசிலாமணியின் மனைவி அஞ்சலை, அவன் இடுப்புக் கயிற்றைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். "ஆளுக்கு ஒரு கை குடுங்கய்யா! நாலு பேரு இழுத்தா வந்துருவாரு!"

கயிறெல்லாம் மலம். ஒருவரும் தொடவில்லை.

"இரும்மா, சிஸ்டத்துல போட்டுட்டுதானே இருக்கோம்," என்றார் சங்கச் செயலாளர் குருநாதன், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"சிரிச்சா மேல வரும் சார்," என்றாள் நித்திலா. "எல்லாரும் கர்ச்சீப்ப எடுத்துட்டு சிரிங்க."

சிரித்தார்கள். மலக்குழி ஓரத்தில் எட்டு வாய்ப் பற்கள். வரி கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. அழுகிற முகம் ஒன்றைச் சுளிப்புமானி கண்டுகொண்டது.

"உன் மூஞ்சியாலதாம்மா நிக்குது. சிரியேன் கொஞ்சம்!" என்றார் குருநாதன்.

"த்தூ! நீங்கெல்லாம் இன்னா மனுசங்க..."

அஞ்சலை கயிற்றை விடவில்லை. பலகையைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணீர் வாய்க்குள் இறங்கியது. வரி மேலே வந்தது. நித்திலா அழுத்தினாள்.

மீட்பு எந்திரம் வந்து மாசிலாமணியைத் தூக்கி வெளியே போட்டது. மூச்சு இருந்தது. கண் விழித்தவன் சுற்றிலும் இளித்த முகங்களைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு சிரிக்கறாங்க?"

அஞ்சலை முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள்.

மறுநாள் காலை நகரத்துப் பலகைகளின் முதல் பக்கத்தில், பிரியாணிக்குப் பக்கத்தில், 'மகிழ்ச்சி' வகையில் புது வரி ஒன்று மின்னியது: 'தொட்டிக்குள் ஆள் இறக்குதல். உங்கள் பகுதியினர் மிகவும் ரசித்தது.' கூடவே நேற்றுச் சிரித்தவர்களின் படம்.

பக்கத்துக் குடியிருப்பில் யாரோ படத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, வரியை அழுத்தினார்கள். அஞ்சலை வீட்டுப் பலகை மணியடித்தது: ஆள் தேவை.

பாயில் இருமிக்கொண்டிருந்த புருஷனை மறைத்து நின்று, அவள் பலகையைப் பார்த்து முகம் சுளித்தாள். இன்னும் சுளித்தாள். வரி அசையவில்லை. ஊரே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. படத்தில் அவளுந்தான்.