ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு

குடையை மடக்கினால் அதிலிருக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று தங்கப்பொண்ணு யோசிக்கவில்லை. அது நேராக அந்த ஆளுடைய நோட்டுக்குத்தான் போனது.

"அய்யய்யோ... ஏங்க! எண்ட்ரி நோட்டுங்க இது! பார்த்து மடக்கக் கூடாது?"

பதறி எழுந்தவன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான். நீல மையில் வரிசையாக எழுதியிருந்த பெயர்களில் நாலைந்து பெயர்களுக்கு ஏற்கெனவே மீசை முளைத்துவிட்டிருந்தது.

"கதவுக்கு நேரா மேசையப் போட்டுக்கிட்டு மழைக்கு நோட்டீஸா குடுக்க முடியும்?" என்றாள் அவள்.

அவன் கோபமாக நிமிர்ந்தான்... நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். தங்கப்பொண்ணு இமைகளிலிருந்து மழைத்துளியைத் துடைத்துக்கொண்டாள். ஆள் நல்ல உயரம்தான், கறுப்புதான், சிரித்தால் நன்றாகத்தான் இருக்கும்... சிரிக்க வேண்டுமே!

அது 1984 ஐப்பசி, ஒரு சனிக்கிழமைக் காலை. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் செஸ் போட்டி. பலகை பதினாறு, ஆட்கள் முப்பத்திரண்டு, சுற்று ஐந்து.

"யாரைப் பார்க்கணும்?" என்றான் அவன்.

"யாரையும் பார்க்க வரல. விளையாட வந்திருக்கேன்."

அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். தம்பியோ அண்ணனோ செஸ் பலகையோடு நிற்பான் என்று நினைத்தான் போலிருக்கிறது. அங்கே ஒரு கழுதை மட்டும் மழைக்கு ஒதுங்கி நின்றது.

"நீங்களா? சரி... ரேட்டிங் எம்புட்டு?"

ரேட்டிங் என்பது, இதுவரை ஆடிய போட்டிகளைக் கணக்குப் பார்த்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மாநிலச் சங்கம் போடுகிற எண். தங்கப்பொண்ணு இதுவரை ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. அவளுக்கு எந்தச் சங்கம் எண் போடும்?

"இல்லாட்டி?"

"இல்லாதவங்களுக்குப் பதினாறு இடம். நேத்தே முடிஞ்சிருச்சு. ரேட்டிங் உள்ளவங்களுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி." பிறகு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். "பொங்கலுக்கு லேடீஸ் கோலப் போட்டி நடத்துறாங்க, இதே ஸ்கூல்தான்..."

அங்கேதான் வந்தது வினை. தங்கப்பொண்ணுவின் பார்வை நோட்டில் இருந்த கடைசிப் பெயரில் நின்றது. க. நல்லகாமன், ஒத்தக்கடை, 1765.

"யாரு இந்த நல்லகாமன்?"

"நான்தாங்க." அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"அப்ப எழுதிக்கங்க. கா. தங்கப்பொண்ணு, பேரையூர். ரேட்டிங் ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூறு."

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இவனைவிட இருபத்தைந்து கூட இருந்தால் இவன் வாய் மூடும், அவ்வளவுதான் கணக்கு. வாயும் மூடியது. "ரேட்டிங் பட்டியல், செயலாளர் வீட்ல இருக்கு... சாயங்காலம்தான் வரும்..." என்று முனகியவன் பேனாவைப் பார்த்தான், அவள் கண்ணைப் பார்த்தான், மறுபடி பேனாவைப் பார்த்தான். எழுதிவிட்டான்.

இத்தனை பிடிவாதம் எதற்கு என்கிறீர்களா? தங்கப்பொண்ணு மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் செஸ் ஆடுவார்கள். பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டு, ஆறே மாதத்தில் பதினோரு பேரையும் ஒருவர் விடாமல் ஜெயித்தாள். பதினோரு பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வசனம் பேசினார்கள்: "பொம்பளப் பிள்ளை ஆசைப்படுதேன்னு விட்டுக்குடுத்தேன்." சூப்பர்வைசர் மூன்று தடவை விட்டுக்கொடுத்தார். மூன்றாவது தடவை விட்டுக்கொடுத்தபோது அவருக்கு வேர்த்து ஊற்றியது.

அவள் ஆட்டம் நிஜமா, இல்லை பதினோரு பேர் போட்ட பிச்சையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான், தெரியாத ஆட்களோடு ஆடத்தான், இரண்டு நாள் டியூட்டியை மாற்றிக்கொண்டு மழையில் வந்திருந்தாள்.

மணி அடித்தது. நிஜமான ரயில்வே ஸ்டேஷன் மணி. செஸ் சங்கச் செயலாளர் பட்டாபிராமன் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். ஒவ்வொரு சுற்றையும் வண்டி கிளம்புகிற மாதிரிதான் கிளப்புவார்.

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் சின்னச்சாமி என்கிற பாங்க் அதிகாரி. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் அவள் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பத்தாவது நகர்த்தலில் அவள் குதிரையை இலவசமாக வெட்டுக்குக் கொடுத்துவிட்டாள்... சுத்தமான கவனப் பிசகு! அவர் அரை மணி நேரம் அந்தக் குதிரையை முறைத்தார்.

"வெட்டினா மாட்டிக்குவேன்... எனக்குத் தெரியும்மா. ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூறு சும்மா குதிரையக் குடுக்குமா?" என்று சிரித்துவிட்டு, வேறு எதையோ நகர்த்தித் தோற்றுப்போனார்.

இரண்டாம் சுற்றில் போலீஸ் ஏட்டு காளை. அவள் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "எதுக்கும்மா இம்புட்டு நேரம் சித்திரவதை? முடிச்சுவிட்ரு" என்று ராஜாவைப் படுக்கப் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார். மூன்றாம் சுற்றில் ஒரு கல்லூரி மாணவன் தோற்றுவிட்டு ஆட்டோகிராஃப் கேட்டான்.

சாயங்காலம் மூன்றுக்கு மூன்று. கூட்டம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. தங்கப்பொண்ணுவோ யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். பதினோரு பேர் பெண் என்று விட்டுக்கொடுத்தார்கள். இந்த மூன்று பேர் எண் என்று விட்டுக்கொடுத்தார்கள். அவளோடு ஆடினவர் யார்?

சைக்கிள் ஷெட்டில் மழை விடக் காத்து நின்றபோது ஒரு டீ டம்ளர் அவளை நோக்கி நீண்டது. பின்னால் நல்லகாமன் நின்றான். அவனும் மூன்றுக்கு மூன்று.

"ஜெயிச்ச ஆளு மாதிரி இல்லயே மூஞ்சி... சர்க்கரை கம்மியா?"

"காலைல கோலம் போடச் சொன்னீங்க. இப்ப டீ குடுக்கிறீங்க."

"அதுக்குத்தாங்க டீயே. ஒரு டீக்கு மன்னிப்புக் கிடைக்காதுன்னா, வடையும் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அவனும் சிரித்தான். காலையில் நினைத்தது சரிதான்... நன்றாகத்தான் இருந்தது! அந்தச் சிரிப்பில் என்னவோ ஆகி, பதினோரு பேர் கதையை அவனிடம் கொட்டிவிட்டாள். எண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவனும் தன் கதையைச் சொன்னான். மின்வாரியத்தில் கிளார்க். செஸ் நடுவர் ஆக வேண்டும் என்று ஆறு வருஷ ஆசை. பரீட்சை சென்னையில், மாவட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு பெயர்தான் அனுப்புவார்கள்.

"இந்த வருஷம் எம்பேருன்னு செயலாளர் சொல்லியிருக்காரு. எண்ட்ரி பூராம் என் பொறுப்பு. ஒரு தப்பு வந்தாலும் பேரைக் கிழிச்சிருவேன்னாரு... வரட்டுமே பார்ப்போம், நான் எழுதினதுல என்ன தப்பு வரும்?"

டீ அவளுக்குப் புரையேறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்காம் சுற்று. எதிராளி உசிலம்பட்டி விருமாண்டி. லாரி ஷெட் வைத்திருப்பவர், மீசையே அரை கிலோ தேறும். ஆனால் நாற்காலி காலி. காய்ச்சலாம்! ஆட்டம் இல்லாமலே அவளுக்கு ஒரு பாயிண்ட். ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்க்கடையில் காய்ச்சல்காரர் நாலாவது புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இனி பொறுக்க முடியாது என்று தங்கப்பொண்ணு நேராகப் பட்டாபிராமனிடம் போய் நின்றாள்.

"சார், எனக்கு ரேட்டிங்கே கிடையாது. நான்தான் பொய் சொன்னேன். என்னைய வெளிய அனுப்பிருங்க. எண்ட்ரி எழுதினவரு பேரை மட்டும்... அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலம்பரவே அவன் வந்து சொல்லிட்டாம்மா. நேத்து சாயங்காலம் பட்டியலைக் கொண்டுவந்தேன், பார்த்திருக்கான். 'அந்தப் பொண்ணு நம்பரே சொல்லலை, நான்தான் கைதவறி எழுதிட்டேன், என் பேரைக் கிழிச்சுடுங்கோ'ன்னான். முப்பத்தி நாலு வருஷம் டிக்கெட் இல்லாதவாளைப் பார்த்தவன் நான். எது பொய்னு தெரியாதா எனக்கு? நீயா வந்து சொல்றியான்னுதான் பார்த்துண்டிருந்தேன்."

"பேரை... கிழிச்சிட்டீங்களா?"

"கிழிச்சாச்சு. பட்டியல் பார்க்காம எழுதினது தப்புதானே? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். உன்னை இறக்கிவிட்டா கடைசிச் சுற்றுக்கு ஜோடி குறையும். ஓடற வண்டி, நடுவழியில நிறுத்த மாட்டேன். பரிசு கிடையாது, ஆடிட்டுப் போ."

எழுந்துபோய்ச் சார்ட்டில் அவள் எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார். முதல் பலகையில் இருவர் பெயர்: நல்லகாமன், தங்கப்பொண்ணு. நாலுக்கு நாலு எடுத்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

வேறு கதாநாயகியாக இருந்தால் இந்த இடத்தில் கண்கலங்கியிருப்பாள். தங்கப்பொண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷ ஆசையைத் தூக்கிக் கொடுத்துவிட்டானே! எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் இவனும் விட்டுக்கொடுக்கிற ஆள்தானா? பன்னிரண்டாவது ஆளா?

அவன் எதிரே வந்து உட்கார்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வெளிய விட்டுக்குடுத்தது போதும். இந்தப் பலகையில மட்டும் விட்டுக்குடுத்தீங்க... இந்த ராஜாவத் தூக்கி மண்டையில போட்ருவேன்."

"பலகை முன்னால உக்காந்துட்டா பேசக் கூடாதுங்க. விதி."

மணி அடித்தது.

அய்யோ, என்ன ஆட்டம் அது! முதல் கால் மணியிலேயே இரண்டு சிப்பாயைப் பிடுங்கிக்கொண்டான். ஈவு இரக்கம் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நேற்றுச் சிரித்த முகமா இது? அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. படுபாவி... என்று திட்டியபோதே உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். குதிரையைக் கொடுத்தாள்; இந்தத் தடவை வேண்டுமென்றேதான். அவனுடைய ராஜா ஓட ஆரம்பித்தது. சுற்றி நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்தது. நல்லகாமன் இருபது நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து பலகையில் சொட்டியது.

பிறகு ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினான்.

தங்கப்பொண்ணு பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். வழியே இல்லை. தன் ராஜாவை மெல்லப் படுக்க வைத்தாள்.

அவள் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு நேரம் கல்லாக இருந்தவன் பதறிப் போனான். "ஏங்க... அய்யோ அழாதீங்க... வேணும்னா..."

"வேணும்னா? வேணும்னா என்ன? மாத்தியா ஆடுவீங்க?" அழுதுகொண்டே சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல பதினோரு பேரு தோத்தாங்க. ஒருத்தரும் எங்கூட ஆடல. நீங்கதான் ஆடினீங்க."

அவன் அவளிடமிருந்து வெட்டிய குதிரையைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, "அந்தக் குதிரையக் குடுத்தீங்க பாருங்க... உயிரே போயிருச்சு எனக்கு. இனிமே எவனாவது விட்டுக்குடுத்தேன்னு சொன்னா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

"அப்ப என் ரேட்டிங் எம்புட்டு இருக்கும்? நெசமாச் சொல்லணும்."

"ஆயிரத்து அறுநூறு தேறும்."

"ஒரு அம்பது சேர்த்துப் போடுங்களேன்."

"அறுநூறுதாங்க."

"கருமி!"

ஐந்து மணிக்கு மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஈர வெயில். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தான். அவள் ஆரம்பித்தாள்.

"ஒரு வருஷத்த எனக்காக விட்டுக்குடுத்தீங்க. அது எனக்குப் பிடிக்கல."

"அது விட்டுக்குடுத்ததில்ல. பட்டியலப் பார்க்காம எழுதினது நான், தண்டனையும் எனக்குத்தான். ஏன்டா பார்க்காம எழுதினேன்னு செயலாளர் கேட்டாரு. அதுக்குத்தான் பதில் சொல்லல."

"எங்கிட்டச் சொல்லுங்க."

நல்லகாமன் சைக்கிள் பெல்லைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நனைஞ்ச கண்ண வச்சுக்கிட்டு, இமைக்காம, பச்சையா ஒரு பொய்யச் சொன்னீங்க... அந்த நேரத்துல மூவாயிரம்னு சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன். எனக்கு உங்களப் பிடிச்சுப் போச்சுங்க. வீட்ல பேசட்டுமா?" அவசரமாகக் கையை உயர்த்தினான். "ஆனா ஒண்ணு... ஆளு பாவம், பரீட்சை போச்சேன்னு மட்டும் சரின்னு சொல்லிறாதீங்க. எனக்கும் யாரும் விட்டுக்குடுக்கக் கூடாது."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. தங்கப்பொண்ணுவுக்குக் காதுவரை சூடேறியது.

"விட்டுக்குடுக்கிறதா? நானா? எங்க தெருவுல போய்க் கேட்டுப் பாருங்க..."

"இது பதில் இல்லயே. விதிப்படி தெளிவாச் சொல்லணும்."

"ஏய்யா, பிடிச்சிருக்குய்யா! விட்டுக்குடுத்து இல்ல... பிடிச்சுத்தான் சொல்றேன்!"

சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள். நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சந்தோசம்மா... ஏறுறியா, நாங்க கிளம்பட்டுமா?" என்றார்.

அவள் ஏறவில்லை.