இரண்டாவது விசிலுக்குப் பிறகு

காலை பத்து மணி இருக்கும். இரண்டாவது விசில் ஊதிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வெடிக்கவே கூடாத அந்த நேரத்தில் ஒரு துப்பாக்கி வெடித்தது. காகித இலக்கை மாற்றப் போயிருந்த பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டடியில் சரிந்தான். முதலில் ஓடிப் போய் அவனைத் தாங்கியது விசில் ஊதிய பெண்தான். சரிந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

சுடுதளத்தில் அவளை எல்லாரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் விசிலுக்குச் சுடுவதை நிறுத்த வேண்டும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, அதில் ஆரஞ்சுக் கொடியைச் செருகி, மேசைமேல் வைத்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். கொடி இருக்கும்வரை அது வெடிக்க வழியே இல்லை. அக்கா மேசை மேசையாகப் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவது விசில். அதற்கப்புறம் காதுக்கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். துப்பாக்கியை மட்டும் விரல் நுனியால்கூடத் தொடக் கூடாது. இதில் அவள் எந்தக் கொம்பனுக்கும் தயவு காட்டியதில்லை.

வெடித்தது நாலாவது மேசைத் துப்பாக்கி. அதன் கொடி மேசைக்கு அடியில் கிடந்தது.

ஆம்புலன்ஸ் வெளியே போக, போலீஸ் ஜீப் உள்ளே வந்தது. அக்கா தம்பியோடு போகவில்லை. விபத்து நடந்தால் போலீஸ் வரும்வரை பொறுப்பாளர் நகரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் அம்மாள் பேர்போன கறார்ப் பேர்வழி. அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கூட வந்த கான்ஸ்டபிளுக்கோ வெண்கலத் தொண்டை.

இன்ஸ்பெக்டர் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மேலே சிமெண்ட் கூரை, மூன்று பக்கமும் சுவர். மேசைகளுக்கு நடுவே ஆள் உயரப் பலகைகள். பின்னால் பெஞ்சு. அந்த நேரத்தில் இருந்தவர்கள் அக்காவைத் தவிர மூன்றே பேர்.

முதலில் பல் டாக்டர். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு, "என்னது?" என்றார். கான்ஸ்டபிள் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கல்யாணப் படங்களை நகைக்கடைக்காரருக்கு போனில் காட்டிக்கொண்டிருந்தாராம். குனிந்த தலை நிமிரவில்லையாம்.

அடுத்தது நகைக்கடைக்காரர். நாலாவது மேசைத் துப்பாக்கி அவருடையது. கான்ஸ்டபிள் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கத்தினார். கொடியைச் செருகினேன், பிள்ளைகள்மேல் சத்தியம் என்று நகைக்கடைக்காரர் அழாத குறையாகச் சொன்னார். தன் தொண்டையை நொந்துகொண்டு, இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை வெந்நீர் வாங்கிவர அனுப்பினார்.

மூன்றாவது வக்கீல். கான்ஸ்டபிள் திரும்பி வருவதற்குள் அவர் விசாரணை முடிந்தேவிட்டது.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இவங்களோடதான் மேடம். விசில் ஊதினதும் காதுல இருந்ததைக் கழட்டிட்டு பெஞ்சு ஓரமா உக்காந்தேன். வெடிச்சதும் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

"எப்படி வெடிச்சிருக்கும்?"

"கொடி இருக்கான்னு அந்தப் பொண்ணு பாக்கலை. நல்ல பொண்ணுதான், பாவம். ஆனா தப்பு தப்புதானே."

கடைசியில் அக்கா. மாட்டிக்கொண்டோமே என்ற பயம் அவளுக்கு இல்லை. தன்னால்தான் தம்பி விழுந்தானோ என்ற ஒன்றே அவளைத் தின்றுகொண்டிருந்தது. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாமல், கூரை அதிரப் பேசினாள்.

"பாத்தேன் மேடம். பாத்தேன்னுதான் நினைக்கிறேன். தினமும் பாக்குறதுதானே, கண்ணுல நிக்கிறது இன்னிக்குப் பாத்ததா நேத்துப் பாத்ததான்னு தெரியலை. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

இன்ஸ்பெக்டர் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். கான்ஸ்டபிள் வாயைத் திறந்தார். வெந்நீரைக் குடிக்கப் போன இன்ஸ்பெக்டர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

மூவரையும் பெஞ்சில் வரிசையாக உட்காரச் சொன்னார். அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அதே காற்றுக் குரலில் சொன்னார்: "யாருக்கோ ஷூ லேஸ் அவுந்திருக்கு."

டாக்டர் அசையவில்லை. நகைக்கடைக்காரர் அசையவில்லை. வக்கீல் குனிந்து காலைப் பார்த்தார்.

லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

"கூரைக்குக் கீழ அவ்வளவு பெரிய சத்தம். காதுல ஒண்ணுமில்லாம இருந்தவங்களுக்கு இன்னும் கொய்யுனு அடைச்சிருக்கு. என் தொண்டைதான் கோளாறுன்னு நானும் ஏமாந்துட்டேன். உங்களுக்கு மட்டும் எப்படி வக்கீல் சார் எல்லாம் கேக்குது? வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சவர்தானே கவசத்தை மாட்டிக்குவார்?"

வக்கீல் கழற்ற மறந்திருப்பேன் என்றார். கழற்றியதாக அவரே சொன்னதை இன்ஸ்பெக்டர் நினைவுபடுத்தினார். கொடியில் கைரேகை எடுக்கப் போவதையும் சொன்னார். வக்கீலின் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது.

"மணல்லதான் சுட்டேன்," என்றார். "தானா வெடிச்சதுன்னு ஆகட்டும்னு நினைச்சேன். இலக்குக் கம்பியில பட்டுத் தெறிக்கும்னு யார் கண்டா?"

போன மாதம் போன் எடுக்கிற அவசரத்தில், தோட்டாவோடு துப்பாக்கியை ஆட்கள் பக்கம் திருப்பியவர் அவர். அக்கா அன்றைக்கே, நடக்கவிருந்த சுடும் போட்டியிலிருந்து அவரை நீக்கிவிட்டாள். அதற்குப் பழியாக அவள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்திருக்கிறார். மற்ற இருவரும் போனில் குனிந்திருக்க, அக்கா இலக்குப் பக்கம் தம்பியைப் பார்த்து நின்றபோது, பலகை மறைவில் கொடியைப் பிடுங்கி, மேசையில் இருந்த தோட்டாவைப் போட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குண்டை எடுத்தாயிற்று, பையன் பிழைத்துக்கொண்டான்.

அக்கா எதுவும் காதில் விழாமல் ஓரமாக நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவள் பக்கம் கையைக் காட்டினார்.

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். "தம்பிக்கு ஒண்ணுமில்லம்மா! கொடி இருந்துச்சு! நீ சரியாத்தான் பாத்திருக்கே!"

சுடுதளம் முழுக்கக் கேட்டது. அவளுக்கும் நன்றாகவே கேட்டது, முகத்தில் தெரிந்தது.

"கேக்கலை," என்றாள் அக்கா. "இன்னொரு தடவை சொல்லுங்க."