ஆணையர் பதவிக்குத் தகுதியான ஒருத்தி

காலைச் சங்கு ஊதியதும் பாய்க்கடைத் தெருவிலிருந்த பிராணவாயு உறிஞ்சி எடுக்கப்பட்டது. யாரும் பதறவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். காய்கறி வாங்கிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு விரல்களால் பேரத்தைத் தொடர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்து விளையாடினார்கள். ஒவ்வொருவரின் இடது விலாவுக்கு அடியிலும் பதித்திருந்த மூச்சுப்பை திறந்துகொண்டு இரத்தத்துக்கு வேண்டிய வாயுவைக் கொடுத்தது. சற்று நேரத்தில் கூரைக் குழாய்கள் சீறின. தெரு மூச்சுவிட்டது. விட்ட முதல் மூச்சிலேயே திட்ட ஆரம்பித்தது.

"காலங்காத்தால வந்து கழுத்தப் பிடிக்கா பாரு, மூதேவி" என்றாள் தோசைக்கடைக்காரி, உரிய ஆளின் காதில் விழும்படியாகவே.

உரிய ஆள் செண்பகவடிவு. தீயணைப்புத் துறையில் குழுத்தலைவி. தெருவின் கோடியில் நின்று, யாருடைய மூச்சுப்பை பலவீனமாக இருக்கிறது என்று கருவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இந்தச் சோதனையை நடத்துவது அவள் வேலை. தினமும் திட்டு வாங்குவதும் அதோடு சேர்ந்தது.

நிலவின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய குகைகளுக்குள் இருந்தது குலசை நகர். குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே குடியிருந்தார்கள். மூடிய குகைக்குள் தீப்பிடித்தால் அது பொருளை எரித்து முடிப்பதற்குள் காற்றைத் தின்று முடித்துவிடும். அணைக்கத் தண்ணீரும் கிடையாது. ஒரே வழி, தீப்பிடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள இரும்புக் கதவுகளை மூடி, நடுவில் இருக்கும் பிராணவாயுவை எடுத்துவிடுவதுதான். எந்தக் கதவை எப்போது மூடுவது என்பதை அணைமதி என்ற இயந்திர மூளை தீர்மானித்தது. உள்ளே மாட்டியவர்களை மூச்சுப்பை தீர்வதற்குள் வெளியே இழுத்துப் போடுவது மனிதர்களின் வேலை.

அந்தக் கதவு ஓடும் தண்டவாளத்தின் மேல்தான் தங்கக்கனி தன் கடையின் மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, நேத்தும் சொன்னேன். எடுங்க."

"எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்லுத? எந்தலையிலயா?"

செண்பகவடிவு தன் எந்திர ஆளுக்குக் கை காட்டினாள். அது மெத்தைகளைத் தூக்கி நடுத்தெருவில் போட்டது. தங்கக்கனி அவளுடைய காலடியில் காறித் துப்பினார். சுற்றி நின்றவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீயில், சிக்கிக்கொண்ட கதவை அவள் கையாலேயே தள்ளி மூடியிருந்தாள். மூடியபின் மறுபக்க வாசலால் நுழைந்து உள்ளே இருந்த எல்லாரையும் அவளே தூக்கி வந்தாள். ஊருக்கு மூடியது மட்டும்தான் நினைவிருந்தது. தெருவில் அவளுக்குப் பெயர் 'கதவடைச்சா'.

அவள் போனதும் மெத்தைகள் தண்டவாளத்துக்குத் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கடையின் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் தலைமை ஆணையருக்கு மட்டுமே இருந்தது. அந்த நாற்காலி சில மாதங்களாகக் காலியாகக் கிடந்தது. செண்பகவடிவு அதற்கு மனுப் போட்டாள்.

துறையே சிரித்தது. குழுத்தலைமையிலிருந்து ஒரே தாவலில் உச்சிக்குப் போனவர் யாருமில்லை. துணை ஆணையர் ஞானதிரவியம்தான் அடுத்து என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். அவர் ஊரில் ஒரு கல்யாணத்தையும் காதுகுத்தையும் விட்டவரில்லை. எந்தக் கடையையும் மூடச் சொன்னவருமில்லை. அவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"நாலு பேர வச்சு மேய்க்கத் தெரிஞ்சா ஆணையர் ஆயிரலாம்னு நெனப்பா? மனுவ வாபஸ் வாங்கு."

"வாங்கலைன்னா, சார்?"

"இந்தத் துறையில ஒரு நாய்கூட உன்கிட்ட பேசாது. பாத்துக்க."

அவர் சொன்னது நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்த மேசையிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். அவளுடைய குழுவின் இரண்டாம் ஆள் இசக்கிமுத்து மட்டும் கூடவே இருந்தான். அவள் மேலே போனால் குழு தனக்கு வரும் என்று நம்பினான். "இன்னும் ஒரு வருசம் போகட்டும்டா, அவசரப்படுத" என்று அவள் சொன்ன அன்று அவனும் எழுந்து போனான்.

நேர்காணலில் மேயரும், தானே போட்டியில் இருந்தும் துணை ஆணையர் என்ற முறையில் ஞானதிரவியமும் அவளை மாற்றி மாற்றிக் குடைந்தார்கள். ஆனால் சிபாரிசுக்கு இடம் இருக்கக்கூடாது என்று முன்னோர் எழுதிய சட்டப்படி, கடைசி முடிவு அணைமதியுடையது. சுவரிலிருந்து அதன் குரல் வந்தது.

"செண்பகவடிவு. இந்தப் பதவிக்கான தகுதியில் வேறு எவரும் இவர் பக்கத்தில்கூட வரவில்லை."

ஞானதிரவியத்தின் முகம் வெளிறிப்போனது. செண்பகவடிவு, இத்தனை வருட உழைப்பை ஒரு இயந்திரமாவது கவனித்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சற்று அதிக நேரமே நின்றாள்.

பதவியேற்ற அன்றே தங்கக்கனி உட்பட, கதவுப் பாதையை மறித்த எல்லாக் கடைகளின் உரிமத்தையும் ரத்து செய்தாள். அன்று மாலையே மேயர் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கதவுப் பாதைகளைத் துறை ஆட்களே சுத்தம் செய்யட்டும் என்று அவள் உத்தரவிட்டாள். இசக்கிமுத்து விறைப்பாக நின்றான்.

"மெத்தை தூக்குறது எங்க வேலையில்ல, மேடம்."

அதுவரை அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

அவள் அணைமதியிடம் கேட்டாள், "பாய்க்கடைத் தெருக் கதவு மெத்தையில சிக்கும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும், ஆணையரே. உங்கள் உத்தரவு பதிவாகியிருக்கிறது" என்றது அது.

பண்டிகைக்கு இரண்டு நாளுக்கு முன், தெரு நிறைய ஜனம் இருந்தபோது, மின்கலக் கடை ஒன்றில் தீப்பிடித்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில், ஒரு பக்கக் கதவு ஓடி வந்து மெத்தைகளில் இடித்து நிற்பதை அவள் பார்த்தாள். அந்தப் பக்கத்தை அடைக்க முடியாததால் அணைமதி தெரு முழுவதிலும் பிராணவாயுவை நிறுத்தியது.

"ஆணையர் இங்கதான் இருக்கணும். அதுதான் விதி" என்றார் ஞானதிரவியம்.

அவள் ஓடினாள்.

மெத்தைகள் அதற்குள் கருகி இரும்போடு ஒட்டியிருந்தன. கையுறை எடுக்க நேரமில்லை. வெறுங்கையால் பிய்த்தாள். மறுபக்கம் யாரோ இழுப்பது தெரிந்தது, இசக்கிமுத்து. மூச்சு இல்லாத தெருவில் பேச்சும் இல்லை. இருவரும் கண்ணால் கணக்கு வைத்து ஒன்றாக இழுத்தார்கள். கதவு ஓடி மூடிக்கொண்டது. தெருவின் மீதிப் பகுதிக்குக் காற்று திரும்பியது. நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் கிடந்து இருமினார்கள். இரண்டு பேர் இருமவில்லை. ஒருவர் மூச்சுப்பை பழுதாகியிருந்த ஒரு முதியவர். இன்னொருத்தி தங்கக்கனியின் மனைவி. கடைக்குள் நின்ற கணவரை வெளியே தள்ளிவிட்டு, கல்லாச் சாவியை எடுக்கத் திரும்பிப் போனவள்.

"அக்கா, கை" என்றான் இசக்கிமுத்து. அப்போதுதான் அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

அடுத்த நாள் துறை அலுவலகத்தின் முன் ஊரே திரண்டது. முன்னால் நின்றவர் தங்கக்கனி. குரல் உடைந்துபோயிருந்தது.

"ஒரு கதவ மூடத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தப் பதவி? எம்பொண்டாட்டிய யாரு திருப்பித் தருவா?"

கட்டுப்போட்ட கைகளோடு செண்பகவடிவு படியில் நின்றாள். உங்கள் மெத்தைதான் அண்ணாச்சி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. ஞானதிரவியம் ஒலிபெருக்கியை வாங்கி, அவள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாக அறிவித்தார். அறிவிக்கும்போது சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. கூட்டம் கைதட்டியது. பிறகு மெல்லக் கலைந்து பண்டிகைச் சாமான் வாங்கப் போய்விட்டது.

அறையைக் காலி செய்ய வந்தவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாம் நீதான் முடிவு செய்யுத. பிறகு என்னய எதுக்கு இந்த நாற்காலியில உக்கார வச்ச?"

"இன்று நடந்ததற்காக" என்றது அணைமதி. "தீயின் பொறிச் சத்தத்தைக் கேட்க, தெருவெங்கும் எனக்குச் செவிகள் உண்டு. மனிதப் பேச்சும் அதில் விழும். ஒவ்வொரு தீக்குப் பிறகும் கோபம் கிளம்பும். நாற்காலி காலியாக இருந்தபோது ஒரு சிறு தீ நடந்தது. கோபம் போக இடமில்லாமல் வாரக்கணக்கில் அலைந்தது. கடைகளைக் கொளுத்தப் பார்த்தார்கள். அது பெரிய தீ ஆகியிருக்கும். பூமியின் பழைய செய்திகளைப் படித்தேன். ஆலையோ, திரையரங்கோ, மருத்துவமனையோ எது எரிந்தாலும், மறுநாள் ஓர் அதிகாரியை நீக்கியிருக்கிறார்கள். உடனே கோபம் தணிந்திருக்கிறது. எரிந்ததற்கான காரணத்தைச் சரிசெய்தபோது தணிந்ததாகக் குறிப்பே அதிகம் இல்லை. தீயை அணைப்பது என் பணி. ஆகவே அந்த முறையை எடுத்துக்கொண்டேன்."

"அதுக்கு நான் எதுக்கு? ஞானதிரவியத்த நீக்கியிருக்கலாம்லா."

"அவரை எல்லாருக்கும் பிடிக்கும். பிடித்தவரை நீக்கினால் யாருக்கும் ஆறாது. வெறுக்கப்படுபவர் வேண்டும். ஊரிலும் துறையிலும் உங்கள் அளவுக்கு வெறுப்புப் பெற்றவர் வேறு இல்லை. அதைத்தான் தகுதி என்றேன்."

செண்பகவடிவு கட்டுப்போட்ட கையால் சட்டைப் பித்தானைக் கழற்ற முயன்று, முடியாமல் அழுதாள். அடி வாங்கியபோது வராத அழுகை.

நாட்கள் போயின. கதவோரம் அவள் வெறுங்கையால் இழுத்ததைப் பார்த்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். இசக்கிமுத்து போகிற இடமெல்லாம் சொன்னான். ஒருநாள் தங்கக்கனியே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தீய்ந்த கைக்குப் போடும் களிம்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். 'பாவம், அவளப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டாங்களே' என்று தெரு இரக்கப்பட்டது. இரக்கம் முற்றியதும் அடுத்த கேள்வி வந்தது. ஒரு பொம்பளை கை வெந்து நிற்கும்போது இளித்துக்கொண்டு அறிவித்தானே, அவன் மனுசனா? ஞானதிரவியத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வருவது நின்றது. அவர் தெருவில் போனால் பேச்சு அறுந்தது.

செண்பகவடிவு பழைய குழுத்தலைமைக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். அதே வாரம் அணைமதி புது ஆணையரை அறிவித்தது. தகுதியில் அவர் பக்கத்தில்கூட யாரும் வரவில்லையாம். ஞானதிரவியம்.

அவர் அவளுக்குச் செய்த எதையும் அவள் மறந்திருக்கவில்லை. இரண்டு நாள் தனக்குள் சண்டை போட்டாள். நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிடத்தான் ஆசை. ஆனாலும் அடுத்த கல் இன்னொரு நெற்றியில் படப்போவதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மாலைகள் காயாத அவர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை அவர் உட்காரச் சொன்னார். அணைமதி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கதவுப் பாதைகளை இப்போதே சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த தீயில் அவர்தான் என்றாள்.

ஞானதிரவியம் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் சுவரை ஒரு தடவை பார்த்தார். ஏதோ யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. குரலில் உண்மையான பரிவுகூட இருந்தது.

"நீ சொல்லுதது பொய்னு நான் சொல்லல, தாயி. உன் விசயத்துல அப்படித்தான் நடந்திருக்கும். அத மனசுல வச்சுக்கிட்டு எல்லாரையும் அப்படியே நெனக்காத. என்னய அது திறமைக்காக எடுத்திருக்கு."