அளவு முடிந்தது

கரண்ட் இல்லாத நாள் என்பதால்தான் அது காதில் விழுந்தது.

எடப்பாடியில் பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தெரு வாயை மூடும். மற்ற நாட்களில் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் போடுகிற சத்தத்தில், அருகில் நிற்பவரிடம்கூடக் கையை ஆட்டித்தான் பேச வேண்டும். உஷாராணியின் பட்டறையே ஒரு பழைய தறிக்கொட்டகைதான். தறிகளைத் தூக்கி ஏழு வருடமாகியும் சுவரில் ஒட்டிய பஞ்சுத் தூசியும், தரைக் குழிகளில் ஊறிய எண்ணெய் வாடையும் போகவில்லை. தகரக் கூரை மத்தியான வெயிலில் முறுக்கிக்கொண்டு டக் டக் என்றது, வெளியே ஒரு கோழி எதையோ கிளறியது, ஏதோ ஒரு வீட்டில் குடத்துக்குள் தண்ணீர் விழுந்தது. இந்தத் தெருவில் இத்தனை சின்னச் சத்தங்கள் இருக்கின்றன என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

அவற்றுக்கு நடுவே, பின் அறையிலிருந்து: கீக், கீக்.

வேலையாட்கள் எல்லாருக்கும் விடுமுறை. பட்டறையில் அவள் ஒருத்திதான். ஆனால் அந்த ஒலி அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்து ஒலிகளைக் கேட்டுப் பார்த்து அவளே பொறுக்கி எடுத்தது அது. அவள் செய்த மருந்துப் பம்ப், "இனிமேல் தர மாட்டேன்" என்று சொல்லும் ஒலி.

கையில் அடங்குகிற ஒரு பெட்டி. உள்ளே ஒரு சிரிஞ்ச், அதைத் தள்ள ஒரு சின்ன மோட்டார், நீளமான வயரின் நுனியில் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். புற்று முற்றி, ஆஸ்பத்திரி கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்கள், வலி தாங்காதபோது தாங்களே அமுக்கி மருந்தை ஏற்றிக்கொள்ளலாம். பெரிய ஆஸ்பத்திரிப் பம்பின் விலையில் பத்தில் ஒரு பங்குதான். அளவுக்கு மேல் அமுக்கினால் மருந்து போகாது. இரண்டு முறை கத்திவிட்டுத் திரையில் 'அளவு முடிந்தது' என்று காட்டும். அந்த அளவை டாக்டராலும் மாற்ற முடியாது.

அதில் அவளுக்கு ஒரு வீம்பு இருந்தது. இது லாரிக்காரர் பூமி. வேகம் மிஞ்சாமல் இருக்க ஒரு கருவியை மாட்டி சீல் வைத்து அனுப்பினால், வண்டி ஊர் வந்து சேர்ந்த அன்றே அந்த சீல் அறுபடும். அப்படித் தன் லாரியின் சீலைத் தன் கையாலேயே அறுத்தவர்தான் அவளுடைய அப்பா அங்கமுத்து. அந்த லாரியை ஓட்டிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் போன அண்ணன் காளிதாஸ் உருத்தெரியாமல் வீடு வந்தான். பூட்டென்று ஒன்று வைத்தால் அது எவனாலும் திறக்க முடியாத பூட்டாக இருக்க வேண்டும் என்று, அப்போது பத்தொன்பது வயதான உஷாராணி முடிவு செய்தாள்.

கீக், கீக்.

பின் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வெளிச்சத்தில் அலமாரியில் நாற்பது புதுப் பம்புகள் வரிசையாக இருந்தன. நாளைக்கு ஊர் ஊராகப் போக வேண்டியவை. போகும்போதுதான் பேட்டரி போடுவார்கள். மேஜைமேல் தனியாக ஒன்று, பழசு. சோதனைக்காக அப்பாவுக்கு வைத்திருந்த பம்ப். அப்பா போய்ப் பதினோரு நாளாகிறது. எடுத்து வந்த அன்றே அதன் பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்டிருந்தாள்.

இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். பேட்டரி இருந்தது.

பம்பின் திரை எரிந்துகொண்டிருந்தது. எடை 38. அளவு முடிந்தது.

மிச்ச மின்சாரம் எங்காவது தேங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்த படிப்பு அதற்காவது உதவட்டுமே. லேப்டாப்பை எடுத்து வந்து பம்பில் வயரைச் சொருகினாள். பொத்தானை அமுக்கிய ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு பதிவாகும். அப்பாவின் மூச்சு நின்ற செவ்வாய்க்கிழமை காலை வரை பட்டியலை ஓட்டினாள். மறுத்தது, மறுத்தது, மறுத்தது. பட்டியல் அங்கே நிற்கவில்லை. செவ்வாய் மத்தியானம், பாடையைத் தூக்கிய நேரம், மறுத்தது. புதன் இரவு, மறுத்தது. கடைசி வரியில் இன்றைய தேதி, இரண்டு மணி நாற்பது நிமிடம்.

பதினோரு நாளாக இது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நோயாளியைப் பற்றி அந்தப் பம்ப் கேட்பது ஒரே கேள்விதான்: எடை என்ன? அதை வைத்துத்தான் அது அளவைக் கணக்கிடும். உடம்பு இளைத்தால் அளவும் இளைக்கும். அப்பா ஐம்பத்தாறு கிலோவிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கினார். வலி மட்டும் இளைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சௌந்தர்யா, அடுப்படிக்கு வந்து கெஞ்சினாள்.

"அக்கா, கூட்டிக் குடுக்கச் சொல்லி டாக்டரே சொல்றாருங்க. எடைய அறுபதுன்னு போட்டுட்டா மிஷினு குடுத்துருமுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"பொய் எடையப் போட்டா சோதனையே கெட்டுப்போகும் சௌந்தர்யா."

"அப்ப தனியா ஊசியாச்சும் போடறனுங்க."

"இன்னும் நாலு நாள்தான். முடியட்டும்."

அப்பாவும் கேட்டார். எலும்பில் புகுந்த வலி, வாயில் வார்த்தை நிற்கவில்லை. "சாமி... ஒரே ஒரு தடவ... அத அவுத்து உடு சாமி."

"அவுத்து உட்டுத்தானுங்கப்பா அண்ணன் போனான்" என்றாள்.

அதைச் சொன்னபோது அவளுக்கு உள்ளே இனித்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அப்பா எதுவும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தபடியே பொத்தானை அமுக்கிக்கொண்டு கிடந்தார். சோதனை முடிய ஒரு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். கணக்கு சுத்தமாக வந்தது. பம்பை விற்க ஒப்புதலும் வந்தது.

போன் அடித்தது. சௌந்தர்யாதான். பம்புகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைப்பதும் அவள்தான்.

"அக்கா, நாளைக்கிக் காலைல வண்டி எடுத்துட்டு வாரேனுங்க. நாப்பதும் ரெடிங்களா?"

"ரெடிதான்" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேற்றாள் குரலாக இருந்தது.

அந்தப் பக்கம் சௌந்தர்யாவின் குரல் தணிந்தது. "ஏனுங்க்கா, பட்டறைலதான இருக்கீங்க?"

"ஆமா."

"பக்கத்துல யாருங்க அது, முனகறது?"

உஷாராணி போனை அணைத்தாள். மேஜையைப் பார்த்தாள். வயரின் நுனியில் கிடந்த பொத்தான், அவள் பார்க்கும்போதே, உள்ளே போனது. வெளியே வந்தது. கீக், கீக்.

ஓடியிருக்கலாம். கால் வாசலுக்குத்தான் திரும்பியது. ஆனால் அப்பாவை அந்தக் கட்டிலில் விட்டுவிட்டு ஒருமுறை நகர்ந்தாயிற்று. இன்னொரு முறை முடியவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தே பிளேடைக் கையில் எடுத்தாள்.

திறக்க முடியாத பூட்டுதான். செய்தவளுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. பெட்டியைப் பிரித்து, கல்லாக இறுகிய பசையைச் சுரண்டி, அடியில் சர்க்யூட் போர்டில் ஓடும் முடியளவு மெல்லிய ஒரு செப்புக் கோட்டை அறுத்துவிட வேண்டும். பசையை அத்தனை கெட்டியாக ஊற்றியவளும் அவள்தான். லென்ஸை மாட்டிக்கொண்டு சுரண்டினாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பொத்தான் விடாமல் அமுங்கிக்கொண்டிருந்தது. விரல் வெட்டுப்பட்டது. "இருங்கப்பா, இருங்கப்பா" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோடு தெரிந்தது. அறுத்தாள்.

பொத்தான் அமுங்கியது. இந்தத் தடவை கத்தவில்லை. மோட்டார் கிர்ரென்று சுற்றியது. வெறும் சிரிஞ்சை அது தள்ளிக்கொண்டே போய், உள்ளே இருந்த கடைசிக் காற்றும் போன பிறகு நின்றது. திரையில் முப்பத்தெட்டு மறைந்து பூஜ்யம் வந்தது. பிறகு திரையும் அணைந்தது.

அவள் மேஜையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். "என்ன மன்னிச்சிருங்கப்பா."

அப்போது கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. சுவர் அதிர்ந்தது. அந்த இரைச்சல் அவளுக்கு இதுவரை இவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், எடைக் கணக்கை மாற்றி எழுத வேண்டும், டாக்டர் கையில் ஒரு சாவி கொடுக்க வேண்டும். எழுந்து, அறையைப் பூட்டத் திரும்பினாள்.

அலமாரி வெளிச்சமாக இருந்தது.

நாற்பது திரைகள். நாற்பதும் எரிந்துகொண்டிருந்தன. பேட்டரி இல்லை. யார் உடம்பிலும் இன்னும் ஏறாத பம்புகள்.

எடை 44. அளவு முடிந்தது. எடை 51. அளவு முடிந்தது. எடை 36. எடை 40. யாரும் அந்த எண்களைப் போடவில்லை.

தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. அலமாரியிலிருந்து தொங்கிய வயர்களின் நுனியில் பொத்தான்கள் உள்ளே போயின. வெளியே வந்தன. ஒன்று அவசரமாக. ஒன்று நின்று நின்று.

பிளேடை எடுத்தாள். ஒன்றுக்கு ஒரு மணி நேரம். நாற்பது. முதல் பெட்டியைப் பிரித்தாள். பசை கல்லாக இருந்தது. பிளேடு முறிந்து கீழே விழுந்தது.

குனிந்து அதைத் தேடும்போதுதான் கீழ்த்தட்டின் ஓரத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

எடை 12.

அதன் பொத்தான் மற்றவை மாதிரி ஒரேயடியாக அமுங்கவில்லை. பாதிவரை போய் மேலே வந்தது. மறுபடியும் பாதி. ஒற்றை விரலுக்கு அந்தப் பலம் போதவில்லை. பிறகு, இரண்டு கையையும் சேர்த்து அழுத்துவது போல, மெதுவாக, அடிவரை இறங்கியது. அங்கேயே நின்றது.