தனித்தனியே சாது!

செல்போன் அடித்தது.

எடுக்க வேண்டியவளின் கை, மேஜைக்குக் கீழே தரையில் கிடந்தது.

கையோடு சேர்ந்து அவளும்!

மரபணு மாற்றிய விதைகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தின் மூன்றாவது மாடி. காலை பதினொரு மணி. இன்ஸ்பெக்டர் உறை மாட்டிய கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மாத்திரை போட்டியாம்மா?"

ஒரு வயதான ஆண் குரல். இறந்தவளின் கணவர்.

"சார்... நான் போலீஸ் பேசறேன்."

மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னாள்.

வாசலில் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். சோதனை எலிகளைக் கவனித்துக்கொள்பவள். மொத்த அலுவலகத்துக்கும் அவள் 'எலி அக்கா'.

"தினமும் பதினொரு மணிக்கு அந்த போன் வரும்மா. மேடம் முன்னாடியே நெஞ்சுவலி மாத்திரையைக் காபியோட முழுங்கியிருப்பாங்க. இருந்தாலும் அவர் கேப்பார். ஆபீஸுக்கே தெரியும்."

"இன்னிக்குக் காபி யாரோட?"

"டைரக்டர், அப்புறம் அந்த விதைக் கம்பெனி ஆபீசர். வேற யாரும் இந்த ரூமுக்கு வரலை. பயங்கர சண்டை!"

"எதுக்கு?"

"மக்காச்சோளத்துக்குத்தான்! ஒரு ஜீன் தண்டுப் புழுவைக் கொல்லும். இன்னொண்ணு வேர்ப் புழுவை. மூணாவது இருந்தா, களைக்கொல்லி அடிச்சாலும் செடி சாகாது. மூணும் ஒரே விதையில! தனித்தனியா மூணையும் எலிக்குக் கொடுத்தாச்சு. ஒண்ணும் ஆகலை."

"அப்புறம் என்ன பிரச்னை?"

"சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலையே! 'தொண்ணூறு நாள் கொடுங்க. எலிக்கு ஒண்ணும் ஆகலைன்னா நானே கையெழுத்துப் போடறேன்'னாங்க மேடம். அவங்களுக்கு இங்க பேரே பூதக்கண்ணாடி... ஒரு வரியை மூணு தடவை படிப்பாங்க. தொண்ணூறு நாள் போனா விதைப்பு சீசன் போயிடும்னு கம்பெனிக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார்."

"டைரக்டர் என்ன சொன்னார்?"

"தனித்தனியா பாதுகாப்புன்னா சேர்ந்தாலும் பாதுகாப்புதானாம். அந்த விதியை எழுதினதே அவர்தான். ஃபார்ம்ல ஜீனுக்கு ஒரு கட்டம் இருக்கும்மா. மூணும் சேர்ந்தா என்னன்னு எழுதக் கட்டமே கிடையாது!"

மதியம் நடக்க வேண்டிய அனுமதிக் கூட்டம் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது. மூன்றே நாள். ஒரு உயிருக்கு இவர்கள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்!

வியாழக்கிழமை காலை, போலீஸ் டாக்டர் போனில் வந்தார்.

"இயற்கை மரணம்னு எழுதிட்டேன் மேடம்."

"என்னது?!"

"ரத்தத்துல ரெண்டு மாத்திரை இருந்தது. ஒண்ணு அவங்களோட நெஞ்சுவலி மாத்திரை. இன்னொண்ணு அவங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்காதது... காபிக் கப்புலயும் ஒட்டியிருக்கு. ஆனா ரெண்டுமே ஆபத்தில்லாத அளவுதான்."

"தனித்தனியா?"

"தனித்தனியா."

"சேர்ந்தா?"



"சேர்ந்தா... பிரஷர் கிடுகிடுன்னு இறங்கும். ஆள் காலி. ஆனா மேடம், ரிப்போர்ட் ஃபார்ம்ல ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டம்தான். ரெண்டும் சேர்ந்தா என்னன்னு..."

"கட்டம் இல்லை! அதானே? கட்டத்துக்கு வெளியே ஒருத்தி செத்துக் கிடக்கா டாக்டர்! ஓரத்துலயாவது எழுதித் தொலைங்க!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். எதிர் நாற்காலியில் இறந்தவளின் கணவர். மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"மாத்திரையாலயாம்மா போனா? நான்தான் தினமும் போன் பண்ணிப் போட வெச்சேன். அப்போ நானே..."

முடிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டருக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கொன்றவன் ஏ.சி. அறையில் கால் மேல் கால் போட்டிருக்கிறான். கொல்லாதவர் இங்கே துடித்துக்கொண்டிருக்கிறார்!

தொப்பியை எடுத்தாள்.

மணி பதினொன்று ஐம்பது. டைரக்டர் அறை. மேஜை மேல் அனுமதிக் கோப்பு திறந்திருந்தது. பேனாவின் மூடியும் திறந்திருந்தது. எதிரே கம்பெனி அதிகாரி... முப்பது வயது, மடிப்புக் கலையாத கோட்டு, பல் தெரியும் சிரிப்பு.

'இவன்தான்!' மூன்று நாளாக அவள் போட்டிருந்த கணக்கு அது.

"கேஸை மூடப் போறேன் சார். இயற்கை மரணமாம்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். "பாவம்... நல்ல ஆபீசர்."

"அப்போ கையெழுத்தைப் போட்டுடலாமே?" என்றார் கம்பெனி அதிகாரி.

"ஒரு நிமிஷம். என் திருப்திக்கு ஒண்ணு."

கொண்டு வந்த காபிக் கப்பைக் கோப்பின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த அம்மா ரத்தத்துல இருந்த அதே ரெண்டு மாத்திரை. அதே அளவு. இதுல கலந்திருக்கு. தனித்தனியா ஆபத்தில்லைன்னு டாக்டர் எழுதிட்டார். உங்க விதிப்படி, சேர்ந்தாலும் ஆபத்தில்லை. யாராவது ஒருத்தர் குடிச்சுக் காட்டுங்க. நான் பேசாம கிளம்பிடறேன்."

டைரக்டரின் கை பேனாவோடு நின்றது.

"விளையாடறீங்களா? இது ஆபீஸ்!"

கம்பெனி அதிகாரி சிரித்தார். "விடுங்க சார். நம்ம விஞ்ஞானத்தை நாமளே நம்பலைன்னா எப்படி? கொடுங்க மேடம்!"

கப்பைத் தூக்கினார்.

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடிக்கிறானே... கொலைகாரன் குடிப்பானா?

கப் உதட்டைத் தொட்டது...

"ஐயோ! மாப்பிள்ளை... குடிக்காதீங்க!!"

மேஜை மேல் பாய்ந்தார் டைரக்டர்! கப் பறந்தது. காபி முழுவதும் அனுமதிக் கோப்பின் மேல் கொட்டியது.



"மாப்பிள்ளையா?" இன்ஸ்பெக்டரின் குரல் மெல்ல ஏறியது. "இந்தக் கம்பெனியில எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு இதே கோப்புல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்!"

"மாமா..." கம்பெனி அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்களா?!"

டைரக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"அது என் நுரையீரல் பிரஷர் மாத்திரை... நெஞ்சுவலி மாத்திரையோட சேரக்கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கும். மயக்கம் வரும், கூட்டத்துக்கு வர மாட்டாங்கன்னுதான்... சாவாங்கன்னு நினைக்கலை..."

"நினைக்கலையா? டெஸ்ட் பண்ணாமலே ஒரு மனுஷிக்குக் கொடுத்துட்டீங்க! சேர்ந்தா ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைன்னதும் மேஜை மேல பாயத் தெரியுது. ஊர்ல இருக்கறவங்க வயிறுன்னா மட்டும் கட்டம் கிடையாது! வெட்கமா இல்லை?"

டைரக்டரின் கையில் விலங்கு விழுந்தது. இழுப்பறையில் பாதி காலியான மாத்திரை அட்டை கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தாள்.

"சார்... உங்க மாத்திரை கொல்லலை. நீங்களும் கொல்லலை. கொன்னவன் இங்க நிக்கறான்."

மறுமுனையில் அழுகை வெடித்தது. அது அடங்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வாசலைத் தாண்டும்போது டைரக்டர் தயங்கினார்.

"அந்தக் காபியில... நிஜமாவே அதைக் கலந்தீங்களா?"

"பாலும் சர்க்கரையும்தான் சார். ரெண்டையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணியாச்சு. சேர்ந்தா எப்படின்னு மட்டும் கேக்காதீங்க... அதுக்கு எங்ககிட்டயும் கட்டம் இல்லை!"